வளைவுக் கண்ணாடி

சுரங்கம் திறந்து பத்தொன்பது வருடம்.
ஷிகோகுவின் இந்த மலைச்சாலையை
வரைபடம் போடுகிறவர்களே கைகழுவிவிட்டார்கள்.
காரின் திரையில் நாங்கள்
வெறும் வெள்ளையில் மிதக்கும் நீல அம்பு.
"தயவுசெய்து சாலைக்குத் திரும்பவும்"
நாலாவது முறையாக, அதே மரியாதையோடு.
கழுத்தைத் திருகுவதுபோல்
ஒலியைத் திருகிக் குறைத்தாள் சவாகோ.

அவள் மடியில் முப்பது வயதான காகித வரைபடம்.
மடிப்பு கிழிந்த ஓட்டையில்
சரியாக ஓர் ஊர் விழுந்திருந்தது.
"இங்கே ஏதோ இருந்திருக்கிறது."
எட்டிப் பார்த்தேன்.
கல்படிகள் கொஞ்ச தூரம் ஏறி
மூங்கிலுக்குள் நின்றுபோயிருந்தன.

இரண்டாம் கியர். முதல் கியர். மறுபடி இரண்டு.
இடப்பக்கம் மலை கசிகிறது.
வலப்பக்கம் பள்ளம்; அதன் ஆழத்தை
ஆற்றுச் சத்தத்தை வைத்துத்தான் ஊகிக்கவேண்டும்.
தாரின் நடுவே பாசி,
மெலிந்த மாட்டின் முதுகுத்தண்டு.
'கல் விழும், கவனம்' பலகைமேலேயே
ஒரு கல் விழுந்திருந்தது.
சிரித்தோம்.
சிரித்து முடிப்பதற்குள் இருவரும் மேலே பார்த்தோம்.

வளைவுக்கு வளைவு
ஆரஞ்சுக் கம்பத்தில் குவிந்த கண்ணாடிகள்.
எதிரே வருகிறவரைக் காட்ட நட்டவை.
பூஞ்சை படர்ந்து, துருவேறி,
ஒன்று தலைகுப்புறத் தரையைப் பார்த்தபடி.
ஒவ்வொன்றிலும் எங்கள் கார்
வண்டுபோல் பிறந்து, பெருத்து, காணாமல் போனது.

கணவாயில் செத்துப்போன பானப்பெட்டி ஒன்று.
காப்பி நூற்றுப்பத்து யென்.
வெயில் குடித்து
எல்லா டப்பாக்களும் ஒரே நிறமாகியிருந்தன.
காசு போட்டுப் பார்த்தேன்.
விழுங்கிக்கொண்டது.

இறக்கத்தில்தான் சவாகோ கவனித்தாள்:
குறுக்கே விழுந்த தேவதாரு
சரியாக ஒரு வண்டியின் அகலத்துக்கு
அறுபட்டிருந்தது. வெட்டுவாய் இன்னும் மஞ்சள்.
சன்னலை இறக்கினால் பிசின் வாசனை.
அடுத்த வளைவில் கண்ணாடி
துடைத்து வைத்ததுபோல் இருந்தது.
அதில் ஒரு வெள்ளைப் பொட்டு,
அசைந்தது.

பிரேக்கை மிதித்தேன்.
மூக்கும் மூக்கும் இரண்டு முழ இடைவெளியில்
ஒரு குட்டி லாரி.
கதவில் 'ஒகபயாஷி பழத்தோட்டம்'.
பின்னால் பெட்டி பெட்டியாக யூசு,
அதற்குமேல் ஒரு கைரம்பம்.
இறங்கியவளுக்கு நாற்பது இருக்கும்.
எங்களைவிட அவள்தான் அதிகம் திடுக்கிட்டிருந்தாள்,
தன் குளியலறையில் அந்நியரைக் கண்டதுபோல.

"சுரங்கம் மூடிவிட்டார்களா?"
"இல்லை, சும்மா சுற்றிப் பார்க்க..."
சொல்லும்போதே எனக்கு அசட்டுத்தனமாக இருந்தது.

அவள் ரம்பத்தை நகர்த்திவைத்தாள்,
தேவையில்லாமல்.
"எனக்குச் சுரங்கம் ஆகாது" என்றாள்.
"உள்ளே மூன்று நிமிடம். இந்த வழியில் ஐம்பது.
ஐம்பது நிமிடம் என்னால் முடியும்."

காரணத்தை நாங்கள் கேட்கவில்லை.
அவள் சொல்லவுமில்லை.
மலை கசிந்துகொண்டிருந்தது.

ஒதுங்க இடம் எங்கள் பின்னால்தான்,
இருநூறு மீட்டர், மேட்டில், ரிவர்ஸில்.
சவாகோ இறங்கிப் பின்னால் நடந்தாள்.
பக்கக் கண்ணாடியில் அவள் கைகள்:
வா, வா, இன்னும், நில்.
கிளட்ச் கருகும் நெடி.
பன்னிரண்டு வருடக் குடும்பத்தில்
அவள் கைகளை
இவ்வளவு நம்பி நான் பார்த்ததில்லை.

ஒகபயாஷி எங்களைக் கடக்கும்போது
சன்னல்வழி இரண்டு யூசு நீட்டினாள்.
ஒருமுறை ஹாரன்.
அப்புறம் மேலே, வளைவுக்கு வளைவு
மெலிந்துகொண்டே போகும் எஞ்சின்.

இருட்டிய பிறகு வீடு திரும்ப
நாங்கள் சுரங்கத்தில்தான் வந்தோம்.
மஞ்சள் விளக்குகள், வழவழப்பான தார்,
திரையில் மறுபடி சாலை.
சவாகோ கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
வெளியே வந்ததும்
"இரண்டு நிமிடம் நாற்பது" என்றாள்,
இவ்வளவு நேரம் மூச்சை அடக்கியிருந்தவள்போல.

காருக்குள் யூசு மணம்.
ஒரு பழம் இருக்கைக்கு அடியில் உருண்டுவிட்டது.
பிரேக் போடும்போதெல்லாம்
முன்னால் வந்து, திரும்பிப் போகிறது.